அவன் திரும்பி வரும் அந்தப் புதன்கிழமை

கேள்வி: நான் மூதூர்ப் பக்கம் ஒரு கரையோரப் பாடசாலையில் தரம் 9 வகுப்பாசிரியை. என் வகுப்பில் 28 பிள்ளைகள். அதில் ஒருவன், 14 வயது, ஏழு கிழமையாக வரவில்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். தகப்பன் கடற்றொழில், 2006 இடப்பெயர்வோடு படிப்பை விட்டவர். பையனும் தங்கச்சியும் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். இப்போது அவன் ஒரு சம்மாட்டியின் (வலைக்குச் சொந்தக்கார முதலாளி) கரைவலையில் வலை இழுக்கிறான், நாட்காசு கிடைக்கிறது. நான் இரண்டு தரம் வீட்டுக்குப் போனேன். முதல் தரம் ஒளிந்துகொண்டான். இரண்டாம் தரம் "வாறன் ரீச்சர்" என்றான், வரவில்லை. அதிபர் பெயரை வெட்டிவிடலாமா என்று கேட்கிறார். "கடலுக்குப் போற பெடியனைப் பிடிச்சு வைத்து என்ன செய்யப் போறீர்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எங்கள் பாடசாலைக்கு ஆலோசனை ஆசிரியர் நியமனம் இல்லை. நான் இனி என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

"வாறன் ரீச்சர்" என்று அவன் சொன்னதை நீங்கள் பொய் என்று எடுத்துக்கொண்டதுபோல் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே நின்று சொன்ன அந்த நேரம் அவன் வரத்தான் நினைத்திருப்பான். இரவு படுத்த பிறகுதான் யோசனை வந்திருக்கும். வாசலில் மாணவத் தலைவன் தலைமயிரைப் பார்த்து மறிப்பான். காலைக் கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கணித பாடத்தில் கொப்பி கேட்பார்கள், ஏழு கிழமைக் கொப்பிக்கு அவன் எங்கே போவான்? விடிய நாலு மணிக்குக் கரையில் கூப்பிடும் குரல் கேட்டதும் எழும்பிப் போயிருப்பான். அங்கே அவனை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

பிள்ளையை எப்படிக் கூட்டி வருவது என்று கேட்கிறீர்கள். கூட்டி வருவதை நீங்கள் செய்துவிடுவீர்கள்; இரண்டு தரம் வீடு தேடிப் போன ஆசிரியைக்கு அது முடியும். அவன் வந்து சேரும் நாளுக்கும் அதற்குப் பிறகு வரும் இரண்டு கிழமைக்கும் உங்கள் பாடசாலை தயாராக இருக்கிறதா என்பதுதான் என் கவலை. இடைவிலகிய பிள்ளைகள் பலரும் ஒரு தரமாவது திரும்பி வருகிறார்கள். வந்த இடத்தில் நிற்க முடியாமல்தான் மறுபடி போகிறார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி, நான் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு மாதம் வராமல் இருந்த பையன் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் பின்வரிசையில் வந்து நின்றான். வெயிலில் தலைமயிர் செம்பட்டை அடித்து, உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடு. சேட் மட்டும் துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு அவனைக் கண்டதில் உண்மையாகவே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில், "பெரிய மனுசர் இன்றைக்குத்தான் எங்களை நினைச்சாரோ" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். முழுப் பாடசாலையும் சிரித்தது. இடைவேளை மணி அடித்தபோது அவனுடைய கதிரை வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை. இன்றைக்கு மீன் சந்தையில் அவரைக் காண்பேன். "சேர்" என்று எழும்பி நின்று, நிறுத்த மீனுக்கு மேலே ஒன்று கூடப் போட்டுத் தருவார். மறுத்தாலும் விடமாட்டார். அந்த ஒரு மீன் எனக்கு இன்றும் பாரம்தான்.

அதனால் நான் முதலில் வாசலைப் பற்றியே பேசுவேன்.

அதிபரிடம் போங்கள். பெயர் வெட்டும் கதையை ஒரு தவணைக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள். இரக்கத்தின் பேரில் மட்டும் கேட்க வேண்டியதில்லை, சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1997 இல் வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 5 வயதிலிருந்து 14 வயது வரை என்றிருந்தது. 2016 இல் அது 16 ஆக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதையும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கினார்கள். ஆகவே இந்தப் பையன் இன்றைக்கு இருக்க வேண்டிய இடம் உங்கள் வகுப்பறை; சம்மாட்டி அவனுக்கு நாட்காசு கொடுத்து வைத்திருப்பது சட்டத்துக்குப் பிழை. ஆனால் இந்தச் சட்டத்தைத் தகப்பனிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடாதீர்கள். அதிபரின் மேசைக்கு அது வேண்டும், கடற்கரைக்கு வேண்டாம்.

அப்புறம் அதிபரிடம் மூன்று விடயம் கேளுங்கள். அவன் வரும் நாளிலிருந்து தலைமயிர், சப்பாத்து, களிசான் பற்றி இரண்டு கிழமைக்கு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. வராத நாட்களுக்கு விளக்கக் கடிதம், பெற்றோரை அழைத்து வா என்ற பேச்சு எல்லாம் பிறகு. எந்த ஆசிரியரும் கை வைக்கக் கூடாது; உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே 2016 இல் வந்திருக்கிறது. இவற்றை அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் தன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அது உங்கள் செல்லப்பிள்ளைக் கதையாகப் போய்விடும்.

திங்கட்கிழமை வரச் சொல்லாதீர்கள். திங்கள் என்றால் நீளமான காலைக் கூட்டம், சீருடைப் பரிசோதனை, முன்னுக்கு ஐந்து நாள். புதன்கிழமை வரச் சொல்லுங்கள். மூன்று நாள் சமாளித்தால் சனி வந்துவிடும் என்று அவனுக்கும் தெம்பு இருக்கும். காலைக் கூட்டம் முடிந்த பிறகு, முதற்பாடத்துக்குச் சற்று முன் வரட்டும். நீங்களே வாசலில் நில்லுங்கள். "ஏன் இவ்வளவு நாளா வரேல்லை" என்று கேட்க நாக்கு துருதுருக்கும். கேட்க வேண்டாம். "வந்திட்டியா, சரி வா" என்றால் போதும். அவனோடு முன்பு ஒன்றாக இருந்த ஒரு நல்ல பையனிடம் முதல் நாளே சொல்லி, பக்கத்துக் கதிரையை வைத்திருக்கச் செய்யுங்கள். அவன் வராத நாட்களின் பாடக் குறிப்பை இரண்டு, மூன்று பிள்ளைகள் பிரித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. "உனக்காக எழுதி வைத்தோம்" என்று கொடுக்கும் அந்தக் கொப்பி, நான் இங்கே எழுதும் அறிவுரை முழுவதையும் விடப் பெரிய வேலை செய்யும்.

இனி தகப்பனிடம் போவது பற்றி. வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டாம். வலை கரையேறி, மீன் தெரிந்து, பங்கு பிரித்து, அவர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்துக் கரைக்கே போங்கள். அவர் 2006 இல் படிப்பை விட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு மாவிலாற்றுத் தண்ணீர்ப் பிரச்சினையோடு தொடங்கிய சண்டையில் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து வாகரைக்கு ஓடி, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போன சனத்தில் எத்தனை பிள்ளைகளின் புத்தகம் அந்தப் பாதையில் போனது என்பதை நாங்கள் அறிவோம். அவருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படிப்பு என்பது பாதியில் பறிபோகும் ஒன்று என்று வாழ்க்கை அவருக்குக் காட்டியிருக்கிறது. "நீங்கள் எந்தத் தரத்தோடு விட்டீங்கள்? எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்படிக் கேட்ட தகப்பன்மார் பலர் தங்கள் பழைய ஆசிரியரின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிய கதை அதற்குப் பிறகு லேசாக வரும்.

காசுக் கதையையும் மறைக்காமல் கதையுங்கள். அந்த நாட்காசு எங்கே போகிறது? அம்மம்மாவின் மருந்துக்கா, கடைக் கடனுக்கா, தங்கச்சியின் செலவுக்கா, இல்லை அவன் போன் வாங்கச் சேர்க்கிறானா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. வீட்டுக் கஷ்டம் என்றால் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா, விண்ணப்பம் எங்காவது தட்டுப்பட்டு நிற்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். தாய் வெளிநாட்டில் இருப்பதால், பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரும் இந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்க வேண்டியவர். அதே கட்டடத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். அவரைப் பொலிஸ்போல நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவி தேடிக் கொடுப்பது அவருடைய வேலை. கடிதம் எழுதிக் காத்திருக்காமல் நேரே போய் ஒரு தரம் கதைத்துவிட்டு வாருங்கள். சம்மாட்டியிடமும் அவரை வைத்தே கதைப்பது நல்லது. ஊருக்குள் இருக்கும் நீங்கள் நேரே மோதிக்கொள்ள வேண்டாம்.

கடலை அவனிடமிருந்து ஒரேயடியாகப் பறிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை தகப்பனோடு இருந்து கிழிந்த வலை சீராக்குவது ஒன்று. கிழமை நாளில் விடியப்புறம் சம்மாட்டிக்கு வலை இழுப்பது வேறு. முதலாவதில் அவன் தொழில் அறிந்த பிள்ளையாக வளர்வான். "இரண்டாவதை மட்டும் விடச் சொல்லுங்கள்" என்று கேட்டால் தகப்பனுக்கும் அது நியாயமாகப் படும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வறுமைதான் காரணம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடாதீர்கள். கடல் தொழில் கண்ணுக்குத் தெரியும் காரணம். அதற்குப் பின்னால் வகுப்பில் நடந்த அவமானம், ஒரு அடி, பெரிய பையன்களின் தொந்தரவு, சொல்ல முடியாத ஏதாவது, ஐஸ் போதைப் பழக்கம் உள்ள கூட்டம் என்று எதுவும் இருக்கலாம். அவனோடு தனியே, ஆனால் நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருந்து, அவசரம் இல்லாமல் கதையுங்கள். யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அதை நீங்கள் தனியே சுமக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் சொல்லலாம்.

இன்னொரு காரணத்தை ஆசிரியர்கள் நாங்கள் பெரும்பாலும் தவறவிடுகிறோம். அவனுக்கு வாசிக்க வருமா? சிரிக்காதீர்கள் ரீச்சர், தரம் 9 இல் இருந்துகொண்டு தரம் 3 புத்தகத்தைத் தடக்கித் தடக்கி வாசிக்கும் பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வாசிக்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பார்கள், வெளியே போகக் கேட்பார்கள், குழப்படி செய்து வெளியே அனுப்பப்படுவார்கள். மாதக் கணக்கில் விளங்காத பாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை! வலை இழுத்தால் கை நோகும், ஆனால் என்ன செய்கிறேன் என்று விளங்கும். வந்த இரண்டாம் கிழமையில், மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காத இடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடக்கினால் தினமும் அரை மணித்தியாலம் அவனுக்கு வாசிப்புக்கு ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைக் கையில் கொடுத்து வெட்கப்படுத்த வேண்டாம். காலநிலை அறிவிப்பு, மீனவர்களுக்கான எச்சரிக்கை, பத்திரிகையில் கடற்றொழில் செய்தி ஆகியவை போதும். கணக்கில் அவன் உங்களை ஆச்சரியப்படுத்தவும் கூடும். இத்தனை கிலோ, இன்ன விலை, வலைக்காரனுக்கு இவ்வளவு பங்கு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று கரையில் மனதாலேயே பிரிப்பவனுக்குப் பின்னம் தெரியாமல் இருக்காது. கரும்பலகையில் அது வேறு உடுப்பில் நிற்பதால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆலோசனை ஆசிரியர் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். நியமனம் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதத்தான் வேண்டும். ஆனால் அது வரும்வரை காத்திருக்க அவனுக்கு நேரம் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் 1990 அளவில் 'செக் அண்ட் கனெக்ட்' என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். படிப்பை விடக்கூடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக விடுவது அதன் அடிப்படை. அவர் வரவு, நடத்தை, புள்ளி மூன்றையும் தொடர்ந்து பார்ப்பார். பிள்ளையோடு அடிக்கடி கதைப்பார். வீட்டோடும் தொடர்பு வைத்திருப்பார். ஆகக் குறைந்தது இரண்டு வருடம் கைவிடமாட்டார். பிள்ளைகள் பாடசாலையில் தொடர்ந்து நிற்பதற்கு இது உதவியது என்று ஆய்வுகள் காட்டின. அந்த இரண்டு வருடம் என்ற கணக்குத்தான் எனக்குப் பிடித்தது. நாங்கள் வீட்டுக்கு ஒரு தரம் போய் ஒரு படம் எடுத்து அறிக்கையில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

இந்தப் பையனுக்கு அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விளையாட்டு ஆசிரியரிடம் அவன் மனம் விட்டுக் கதைப்பான் என்றால் அவர் இருக்கட்டும். பாடசாலைக் காவலாளியிடம் நெருக்கம் என்றால் அவரும் நல்லவர்தான். ஆளை அவன் தெரிவு செய்தால் நல்லது. ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் அவனைக் கண்டு, "சாப்பிட்டியா, என்ன மாதிரி" என்று கேட்டால் போதும். சாப்பாட்டை நான் சும்மா சொல்லவில்லை. அரசின் உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. வளரும் வயதுப் பையன் வெறும் வயிற்றோடு பாடசாலை விடும்வரை இருக்க மாட்டான். பழைய மாணவர்களிடமோ கோயில் பரிபாலன சபையிடமோ கேட்டு, மேல் வகுப்பிலும் பத்துப் பேருக்காவது காலையில் கடலையோ கஞ்சியோ கொடுக்க முடியுமா என்று பாருங்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கொடுங்கள். "கஷ்டப்பட்ட பிள்ளைகள் வாங்கோ" என்று பெயர் கூப்பிட்டால் பசித்தவன்தான் முதலில் விலகுவான்.

அடுத்த பையன் இவனைப்போல் ஏழு கிழமை போகும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்க ஒரு வேலை செய்யலாம். உங்கள் வகுப்பின் பழைய வரவு இடாப்பை எடுத்து மாத வாரியாகப் பாருங்கள். கொட்டியாரக் குடாப் பக்கம் மாரி ஓய்ந்து கடல் அடங்கி, கரைவலை தொடங்கும் காலத்தில் பையன்களின் வரவு சரிவது வருடா வருடம் தெரியும். மொத்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளையை ஆபத்தில் உள்ள பிள்ளையாகக் கணக்கெடுப்பது பல நாடுகளில் வழக்கம். வருடத்துக்குச் சுமார் 200 நாள் என்றால் அது 20 நாள், அதாவது மாதத்துக்கு வெறும் இரண்டே நாள். மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் நாலாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு ஒரு போன் போக வேண்டும். திட்டுவதற்கு இல்லை, "பிள்ளையைக் காணேல்லை, சுகமா?" என்று கேட்பதற்கு. பாடசாலைச் சிறுவர் பாதுகாப்புக் குழு உங்களிடம் கடதாசியிலாவது இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அரை மணித்தியாலம் கூடி, நாலைந்து பிள்ளைகளின் பெயரை மட்டும் எடுத்துக் கதைக்கச் சொல்லுங்கள். பெரிய பட்டியல் போட்டால் ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள்.

"பிடிச்சு வைத்து என்ன செய்யப் போறீர்" என்று கேட்டவர்களுக்குப் பதிலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற் பாடங்களோடு உயர்தரம் போகலாம். தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் 2017 இலிருந்து அது நடக்கிறது. தொழிற்பயிற்சிக்குப் போனால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். படகுக்குப் பூட்டும் எஞ்சின் திருத்தவும் அப்படிச் சான்றிதழ் இருக்கிறது. கடலை விடாமலே அவன் வேறொரு இடத்துக்குப் போகலாம் என்று அவனுக்கும் தகப்பனுக்கும் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றும் வகுப்பறை ஒத்து வராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் பெயரைக் கொடுங்கள். ஆனால் அது கடைசி வழி. இவனுக்கு உங்கள் வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறது.

தாயை மறந்துவிட்டோம். குவைத்தில் இருப்பவர் வெள்ளிக்கிழமை போன் எடுப்பார் என்றால் அம்மம்மாவின் போனில் நீங்களும் ஒரு தரம் கதையுங்கள். மகன் பாடசாலைக்குப் போவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். முறைப்பாடாகச் சொல்லாதீர்கள். அவன் திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, "இன்றைக்கு மகன் வகுப்பில் இருந்தான்" என்ற செய்தியோடு முதல் கதையைத் தொடங்குங்கள்.

இந்தக் கிழமை அதிபரையும் தகப்பனையும் காணுங்கள். வருகிற கிழமை புதன் காலை வாசலில் நில்லுங்கள். அவன் அன்றைக்கு வராவிட்டால் அடுத்த புதனும் நில்லுங்கள். வந்து இரண்டு கிழமை ஆனதும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வாசிப்புக்கு எந்தப் பத்தியைக் கொடுத்தீர்கள், எங்கே தடக்கினான் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து என்ன கொடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.